அரசன் மகனும் பாசியெடுப்பவள் மகளும்

முப்பத்தொரு ஏடுகள் நம் மேசைமீது குவிந்து கிடந்தன. "உங்கள் மனத்தில் தோன்றும் கதை ஒன்றை எழுதி வாருங்கள்" என்று ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தோம். திங்களன்று கதைகள் வந்து சேர்ந்தன. ஆவலோடு புரட்டினோம்.

இருபத்து மூன்று ஏடுகளில் அரசன் ஆண்டுகொண்டிருந்தான். ஐந்தில் சிங்கம் முழங்கிற்று. மூன்றில் மந்திரவாதி மோதிரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எந்த ஊர்ப் பிள்ளைகள் இவர்கள்? திருப்புல்லாணியையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். பனங்காடும் மணற்காடும் இவர்களது விளையாட்டுத் திடல். நான்கைந்து கிலோமீட்டர் நடந்தால் சேதுக்கரை. மன்னார் வளைகுடா காலை நனைக்கும். சிங்கத்தைக் கண்டவர் இவர்களுள் எவருமில்லை. அரசரைக் கண்டவரோ இவர்களின் பாட்டன்மாரிலும் அருகிவிட்டனர். பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் இராமநாதபுரத்தில், சேதுபதிகள் கொலுவிருந்த இராமலிங்க விலாசம் இன்று காட்சிக்கூடம். அரண்மனையில் முடிந்துபோன ஆட்சி, ஆறாம் வகுப்பு ஏட்டில் மட்டும் முடியவில்லை!

அரசன் கதை எழுதிய மாணவி ஒருத்தியின் ஏட்டில், கடைசிப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. எட்டு வரிகள். எட்டின்மீதும் குறுக்கே கோடு கிழித்து அடித்திருந்தாள். கோடுகளுக்கு அடியில் படித்தோம். அம்மா விடியுமுன் பாசியெடுக்கக் கடலுக்குப் போகிறாள். விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறாள். ஒருநாள் துணி அவிழ்ந்துபோனது. பாறை விரலைக் கிழித்தது. புண்ணில் உப்பு பட்டால் எரியும் என்பதால் அன்று சமையலும் சட்டி கழுவுவதும் மகள் வேலையாயின. அவ்வளவுதான்.

"ஏன் அடித்துவிட்டாய்?" என்று கேட்டோம்.

"அது கதை இல்லை சார். அது எங்க வீடு" என்றாள்.

தோழர்களே, இந்த விடையைக் கேட்டு நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். தன் வீடு கதையாகாது என்று பதினொரு வயதுச் சிறுமிக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவளை எவரும் அழைத்து உட்காரவைத்து அப்படிச் சொல்லித் தரவில்லை. அவள் படித்த கதைகள் சொல்லித் தந்தன. அந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்ப்பது நம் கடமையாயிற்று.

யாருக்காக எழுதப்பட்ட கதைகள்?

தமிழ்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய உரைநடைக் கதைகளில் தலையாயது பஞ்சதந்திரம். அதைத் தமிழ் உரைநடையில் தந்தவர் தாண்டவராய முதலியார். ஆண்டு 1826. அவர் சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியர். அச்சங்கம் எதற்காக ஏற்பட்டது? கும்பினி ஆட்சியின் ஆங்கிலேய அலுவலர்கள் இந்நாட்டு மொழிகளைக் கற்பதற்காக 1812இல் ஏற்பட்டது. நூலின் உள்ளே புகுந்தாலோ, அரசன் ஒருவனுடைய அறிவு மழுங்கிய மைந்தர்களுக்கு அறிவு புகட்டவே அத்தனை கதைகளும் சொல்லப்படுகின்றன. கதைக்குள்ளே கேட்போர் அரசிளங்குமரர். கதைக்கு வெளியே படித்தோர் ஆட்சி அலுவலர். பாசியெடுப்பவள் மகள் எந்த வரிசையிலும் இல்லை.

மற்றொன்று பரமார்த்த குரு கதை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. குருவின் பேதைமையையும் சீடர்களின் மடமையையும் கண்டு நாடே சிரித்தது. நல்ல கதைதான். எனினும் அதுவும் அயலார் தமிழ் பயில்வதற்கு உதவும் நோக்கோடு பிறந்ததே. வளர்ந்தவர்க்கு வகுத்த பாடம், பின்னர் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளைகளுக்கென்றே இதழ் நடத்தும் எண்ணம் 1840இல் வெளிவந்த 'பாலதீபிகை'யோடு தமிழில் தொடங்குகிறது. கிறித்தவத் திருப்பணியாளர் முயற்சி அது. சிறுவர்க்கெனத் தனியே எழுத வேண்டும் என்ற உணர்வை ஊட்டிய பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அறம் புகட்டுதலே அங்கு முதல் நோக்கம். கதை அந்த மருந்துக்குத் தடவிய தேன்.

அடுத்த நூற்றாண்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லாமற் போயிற்று. பாரதியாரின் பாப்பாப் பாட்டு 1915இல் வந்தது. கவிமணி பாடினார். புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் 'இளைஞர் இலக்கியம்' தந்தார். மழலைக்குப் பாட்டு கிடைத்தது. வளர்ந்தவர்க்கு நாவல் கிடைத்தது. இடையில் நிற்கும் எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு? தாலாட்டுக்குப் பெரியவன், காதற்கதைக்குச் சிறியவன். "ஏன்? எதற்கு? எப்படி?" என்று ஓயாமல் கேட்கும் பருவம் அது. பகுத்தறிவு அரும்பும் அந்தப் பருவத்துக்குத்தான் உரைநடையில் உணவு குறைந்திருந்தது.

பொற்காலம் தந்ததும் தராததும்

1947 சூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் அம்புலிமாமாவைக் கொணர்ந்தனர். அரசன், மந்திரி, வேதாளம் என்று அதன் உலகம் பழைய உலகமே. எனினும் நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கதையைச் சொல்லி முடித்து வினாவொன்றை எழுப்பும். அந்த இடத்தில் படிக்கும் சிறுவனும் நின்று எண்ணினான். விடையைத் தானே தேடினான். சுடுகாட்டுப் பிணத்தின் வாயிலாக வந்தாலும் சிந்தனை சிந்தனைதானே!

1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்தது. இராயவரத்தில் 1922இல் பிறந்தவர் அவர். வங்கியிலே வரவு செலவு பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காகப் பாடியும் எழுதியும் வந்தவர். சிறுவர்க்கு எழுதுவதென்பது பெரிய எழுத்துக்குப் பழகும் பயிற்சியன்று, அதுவே ஒரு தனித்தொழில் என்று எழுத்தாளரை ஒன்றுதிரட்டி நிலைநாட்டியது அச்சங்கம்.

பெ. தூரன் 'கொல்லிமலைக் குள்ளன்' போன்ற நெடுங்கதைகளில் தமிழ்நாட்டு மலையையும் ஆற்றையுமே வீரச்செயல்களின் களமாக்கினார். அவரே தலைமை ஏற்றுப் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். வாண்டுமாமா என்று நாடறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014), அறிவியலையும் விறுவிறுப்பையும் கலந்து தலைமுறைகளைப் படிக்கவைத்தார். கண்ணன், கோகுலம், பூந்தளிர் என்று இதழ்கள் வந்தன, வளர்ந்தன, ஒவ்வொன்றாய் நின்றும் போயின.

இவர்கள் தந்த கொடை பெரிது. துப்புத் துலக்கவும் மலையேறவும் சிறுவர்களால் முடியும் என்று காட்டினர். ஆனால் நாம் படித்த அளவில், வீரச்செயல் பெரும்பாலும் விடுமுறையில்தான் நிகழ்ந்தது. புதையலைத் தேடிய சிறுவன், வீட்டில் உலை ஏறுமா என்று தேடியதில்லை. கொள்ளைக்காரனை எதிர்த்து நின்ற சிறுமி, "தம்பி படிக்கட்டும், நீ நின்றுகொள்" என்ற சொல்லை எதிர்த்து நின்றது அரிது. குகையில் இருந்த இருளை விளக்கேற்றிக் காட்டிய கதைகள், குடிசையில் இருந்த இருளுக்குள் மிகுதியாகப் புகவில்லை.

ஊசித் துளை சொன்ன உண்மை

இதே காலத்துக்குச் சற்று முன்னர் செருமனியில் நிகழ்ந்த ஒன்றைப் பாருங்கள். 1929இல் எரிக் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் 'எமிலும் துப்பறிவாளரும்' என்னும் சிறுவர் நெடுங்கதையை எழுதினார். எமில் அரசிளங்குமரன் அல்லன்; முடி திருத்தி வாழ்வு நடத்தும் ஏழைத் தாயின் மகன். பாட்டியிடம் சேர்க்கும்படி தாய் கொடுத்த பணத்தோடு பெர்லினுக்கு இரயிலேறுகிறான். தொலைந்துவிடக் கூடாதென்று பணத்தாளைச் சட்டைப் பையோடு சேர்த்து ஊசி குத்தி வைக்கிறான். கண்ணயர்ந்த வேளையில் பணம் களவு போகிறது. பெர்லின் நகரத்துத் தெருப் பிள்ளைகள் கூடுகின்றனர். வேலையைப் பங்கிட்டுக்கொண்டு திருடனைப் பின்தொடர்ந்து வளைக்கின்றனர். "இது உன் பணம் என்பதற்கு என்ன சான்று?" என்ற வினா எழுகிறது. எமில் சொல்கிறான்: தாளில் ஊசித் துளை இருக்கும், பாருங்கள் என்று. இருக்கிறது!

வானத்திலிருந்து தேவதை இறங்கவில்லை. மோதிரம் பேசவில்லை. பள்ளிப் பையனின் நினைவும் நுண்ணறிவும் வென்றன. அந்த ஊசித் துளைக்குள்ளே சிறுவர் கதைக்கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்போம். துளையைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் வாசகனுக்குக் காட்டிவிட்டார், ஒளிக்கவில்லை. ஆகவே விடையைக் கண்டபோது எமிலோடு சேர்ந்து படிக்கும் பிள்ளையும் வென்றான்.

1933இல் இட்லர் ஆட்சியின் அடியாட்கள் பெர்லினில் நூல்களைத் தீயிலிட்டபோது கெஸ்ட்னரின் நூல்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்று அவர் அதைக் கண்ணால் கண்டார். எமில் மட்டும் அன்று தீக்குத் தப்பினான். எண்ணத் தெரிந்த ஏழைப் பிள்ளையின் கதையை அத்தனை பிள்ளைகள் நெஞ்சில் வைத்திருந்தனர்.

நம் கரையில் நடந்த கதை

செருமனிக்கு ஏன் செல்ல வேண்டும்? திருப்புல்லாணியிலிருந்து பாம்பனைக் கடந்தால் இராமேசுவரம். அங்கே 1931இல் பிறந்த ஒரு படகுக்காரர் மகன், ஐந்தாம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். அருகே அவன் நண்பன். கோயில் தலைமைக் குருக்களின் மகன். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், முசுலீம் பையன் குருக்கள் மகனோடு உட்காரலாகாது என்று அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இருவரும் கலங்கினர். வீட்டில் சொன்னார்கள். குருக்களே அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார்; ஆசிரியரும் தவற்றை உணர்ந்தார்.

அந்தப் பையன் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், நண்பன் இராமநாத சாசுதிரி. 'அக்கினிச் சிறகுகள்' என்ற தன்வரலாற்றில் கலாமே இதனைப் பதிந்திருக்கிறார். குடியரசுத் தலைவரான பின் இது வரலாறு. ஆனால் பத்து வயதில் அது என்ன? ஒரு கதை! பலகையும் வரிசையும் குல்லாவும் பூணூலும் கண்ணீரும் நிறைந்த கதை.

அதைச் சிறுவர்க்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது? பெரியவர் குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடத்திலா? அங்கே தொடங்கினால் அது பெரியவரின் கதையாகிவிடும். கடைசி வரிசையில் அமர்ந்த பையன் என்ன கண்டான்? முன்வரிசையில் தனியே விடப்பட்டவன் திரும்பிப் பார்த்தானா? வீட்டில் சொல்வதா, விழுங்குவதா என்று வழிநெடுக இருவரும் எப்படித் தவித்தனர்? சொல்லத் துணிந்த அந்த நொடியே கதையின் உச்சி. தீர்ப்பு பெரியவருடையதாகலாம், துணிவு சிறுவருடையதாக இருக்க வேண்டும். வரலாறு பெரியவரின் கண்டிப்பைக் குறித்துக்கொள்ளும். சிறுவர் கதை சிறுவரின் துணிவைக் குறித்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே எழுதுகோலை எடுக்கட்டும்.

பொம்மை பேசலாமா?

பகுத்தறிவு பேசும் இளைஞர் நம்மிடம் கேட்பதுண்டு: "சிறுவர் கதையில் மாயத்தை ஒழித்துவிட வேண்டாமா? பேசும் கிளியும் பறக்கும் பாயும் மூடநம்பிக்கைக்கு வித்தாகாவா?"

மறுக்கிறோம். மரப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு சோறூட்டும் சிறுமிக்கு அது உண்ணாது என்று தெரியும். தெரிந்தே ஊட்டுகிறாள். அது விளையாட்டு. விளையாட்டு மூடநம்பிக்கையன்று. "இது உண்மை, கேள்வி கேட்காதே" என்று பெரியவர் மிரட்டும்போதுதான் கதை கட்டளையாகிறது, கற்பனை விலங்காகிறது.

எசு. பாலபாரதி எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால புரசுகாரைப் பெற்ற 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நூலில் மரப்பாச்சிப் பொம்மை பேசத்தான் செய்கிறது. எதைப் பேசுகிறது? தகாத தொடுதலுக்கு ஆளான சிறுமி அஞ்சி ஒடுங்காமல் வாய்திறக்கத் துணை நிற்கிறது. எத்தனையோ வீடுகளில் பெரியவர் பேசத் தயங்கும் உண்மையை மரத்துண்டு பேசுகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023ஆம் ஆண்டுப் பரிசு) காலத்தைத் தாண்டிக் கீழடிக்கு அழைத்துச் செல்கிறது. தோண்டியெடுத்த பானையோட்டைத் தொட்டுப் பார்க்கும் ஆவலை அது பிள்ளைக்கு ஊட்டுகிறது.

ஆகவே அளவுகோல் இதுதான்: மாயம் வாயிலைத் திறக்கலாம், வழக்கைத் தீர்க்கக் கூடாது. சிறுவன் எண்ணித் தீர்க்க வேண்டியதை வரம் வந்து தீர்த்தால், அக்கதை அவனிடம் சொல்வது ஒன்றே: நீ எண்ண வேண்டாம், காத்திரு. காத்திருக்கக் கற்பித்த கதைகள் போதும்.

நம் கரையிலேயே சான்று உண்டு. இராமேசுவரத்தில் நீர்த்தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுவார்கள். சிறுவர் வியந்து நிற்பர். ஒரு கதைக்காரன் அங்கே என்ன செய்ய வேண்டும்? எவரையும் ஏசவேண்டியதில்லை. கதையில் வரும் சிறுமி கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டு ஒன்றை எடுக்கட்டும். அதன் உடம்பெங்கும் நுண்ணிய துளைகள் இருப்பதைக் காணட்டும். காய்ந்த துண்டையும் கருங்கல்லையும் வாளி நீரில் இட்டுப் பார்க்கட்டும். துளைக்குள் அடைபட்ட காற்று அவளுக்கு விடை சொல்லும். ஆசிரியன் அங்கே வாயை மூடிக்கொள்ளட்டும்!

நாம் கற்ற பாடம்

வாயை மூடிக்கொள்வது எத்தனை கடினம் என்பதை நாமே பட்டறிந்தோம். வகுப்புக்கென்று ஒரு கதை எழுதினோம். வலையில் ஆமை சிக்குகிறது. விட்டுவிடுவதா, விற்றுவிடுவதா என்று மீனவச் சிறுவன் திகைக்கிறான். பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்டனர். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆசிரியப் புத்தி விட்டதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியது முதல் ஆமையைக் காப்பதன் அருமை வரை ஒன்றரைப் பக்கம் சொற்பொழிவாற்றினோம். கொட்டாவிகள் எழுந்தன. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்போ அன்னைக்கு அவங்க வீட்டுல சாப்பாடு, சார்?"

நம் கதையில் விடுபட்டுப்போன கேள்வி அதுவே. காட்டை ஆள்வோரின் சட்டத்துக்கும் வீட்டின் வயிற்றுக்கும் இடையே நிற்கும் பிள்ளை அவன். ஆமையும் வாழவேண்டும், அம்மாவும் வாழவேண்டும். இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில்தான் கதை பிறக்கிறது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவன் பன்னிரண்டு வயது நிறையாதவன்.

மொழியிலும் பாடம் கற்றோம். சிறுவர்க்கு எழுதுவதாக எண்ணிக் குழைந்து குழைந்து எழுதினோம், அவர்கள் நகைத்தனர். சொற்றொடர் சிறிதாக இருக்கலாம், சிந்தனை சிறிதாகலாகாது. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர்வைத்துத் திசையறியும் வீட்டுப் பிள்ளைக்கு, "பலத்த காற்று வீசியது" என்று எழுதுவது அறியாமை. ஆவுளியாவை அறிந்தவனுக்குத் திமிங்கலம் எதற்கு?

காலம் கனிந்திருக்கிறது

முன்னர் இல்லாத வாய்ப்புகள் இப்போது உள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புகளுக்குத் 'தேன்சிட்டு' என்று இதழ்களைத் தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. சிறுவர்க்கு எழுதுவோரும் வரைவோரும் 2021இல் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். வாயில் திறந்திருக்கிறது. உள்ளே யார் நுழையப்போகிறார்கள் என்பதே வினா. பழைய அரசன் மகன் புதிய உடையணிந்து மறுபடியும் நுழைவானா? பனையேறுபவன் மகனும் உப்பளத்தாள் மகளும் நுழைவார்களா?

இளைஞரே, மேடையில் முழங்கும் நாவுக்கு ஓய்வுகொடுத்து ஒருநாள் ஒரு சிறுவனுக்காக எழுதிப் பாருங்கள். அவன் கைதட்ட மாட்டான். பிடிக்காவிட்டால் எழுந்துபோவான். அவனை உட்காரவைக்க முடிந்தால், உங்கள் கொள்கைக்கு உயிர் இருக்கிறது என்று பொருள்.

கோடு கிழித்து அடித்த அந்த எட்டு வரிகளை மறுபடி எழுதி வரும்படி மாணவியிடம் சொன்னோம். தயங்கினாள். பின்னர் எழுதினாள். இப்போது மூன்று பக்கம் வந்திருக்கிறது. துணி அவிழ்ந்த கையோடு அம்மா மறுநாளும் கடலில் இறங்கப் போகிறாள். மகள் பள்ளிச் சீருடையில் கரையில் நிற்கிறாள். கையில் புதிய துணிச் சுருள் இருக்கிறது. அங்கே நிறுத்தியிருக்கிறாள்.

வகுப்பில் உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் சற்று நேரம் அமைதி. பிறகு முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டனர்:

"அப்புறம்?"